பிலிப்பு என்ற பெயரை வேர்வரை தேடிச் செல்வது எப்படி

குழந்தைகளுக்குப் பெயர் தேடித் தரும் கையேடுகளில் பிலிப்பு என்ற பெயருக்கு எதிரே 'கிரேக்கம். குதிரைகளை நேசிப்பவர்' என்று ஒரு வரி மட்டும் இருக்கும். அந்த வரியில் பிழை இல்லை. ஆனால் சாயர்புரத்திலோ யாழ்ப்பாணத்திலோ பிறந்த ஒரு குழந்தைக்கு அந்தப் பெயரைச் சூட்டியவர்கள் குதிரையை நினைத்துச் சூட்டியிருக்க மாட்டார்கள் என்பதையும், மக்கெதோனியாவின் அரசன் ஒருவன் அதே பெயரைக் குதிரையை நினைத்தே நாணயத்தில் காட்டிக்கொண்டான் என்பதையும் அந்த ஒரு வரி பிரித்துச் சொல்லாது. பெயரின் பொருள் வேறு, அது ஒருவருக்கு வைக்கப்பட்ட காரணம் வேறு. இரண்டையும் தனித்தனியாகத் தேடும் முறையை இந்த ஒரு பெயரைக் கொண்டே இங்கே விளக்குகிறேன். அலெக்சாந்தர், தெமேத்திரியு, நிக்கோலா என வேறு எந்தப் பழங்கிரேக்கப் பெயரை எடுத்துக்கொண்டாலும் இதே வழி பொருந்தும்.

முதலில் மூல எழுத்துகளைச் சரிபார்த்தல்

தேடலின் முதல் வேலை, பெயரை அதன் கிரேக்க எழுத்துகளில் சரியாக எழுதிக்கொள்வது. தமிழில் ஒலித்தால் அது பிலிப்பொஸ். அதில் லகரத்துக்குரிய லாம்தா என்ற எழுத்து ஒன்று. பகரத்துக்குரிய பை என்ற எழுத்து இரண்டு. ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் 'ல'கரத்தை இரட்டித்துப் 'ப'கரத்தை ஒற்றையாக்கி எழுதுவது வழக்கமாகிவிட்டதால், அந்த எழுத்துக்கூட்டலை வைத்துக்கொண்டு வேரைத் தேடுபவர் தவறான இடத்தில் சொல்லைப் பிளந்துவிடுவார். தமிழ் வேதாகமத்தின் 'பிலிப்பு' என்ற வடிவம் இரட்டைப் பகரத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சொல்லின் பொருளில் பாதி அந்த இரட்டைப் பகரத்தில்தான் இருக்கிறது.

ஒலியைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. இக்காலக் கிரேக்கர்கள் இப்பெயரின் முதல் எழுத்தை 'ஃப' என்று ஒலிக்கிறார்கள். பழைய ஏதென்ஸில் அது அப்படி ஒலிக்கப்படவில்லை. இந்தியில் பழத்தைக் குறிக்கும் சொல்லின் முதல் ஒலியைப் போல, மூச்சு கலந்த பகரமாகவே ஒலித்தது. உரோமர்கள் தங்களிடம் 'ஃப' ஒலிக்கென்று தனி எழுத்து இருந்தும் அதை இப்பெயருக்குப் பயன்படுத்தாமல், பகர எழுத்தையும் ஹகர எழுத்தையும் சேர்த்து எழுதியதே இதற்குச் சான்று. ஆகவே 'பிலிப்பு' என்று பகரத்தில் சொல்லும் தமிழர், ஆங்கிலேயரைவிடப் பழங்கிரேக்க ஒலிக்கு அருகில் நிற்கிறார்.

சொல்லைப் பிளத்தல்

பழங்கிரேக்க ஆட்பெயர்களில் மிகப் பல இரண்டு சொற்களின் கூட்டு. பிலிப்பொஸ் என்பது 'பிலொஸ்', 'ஹிப்பொஸ்' என்ற இரண்டும் சேர்ந்தது. சேரும்போது இரண்டாம் சொல்லின் ஹகரம் மறைந்துவிடுகிறது. 'பிலொஸ்' என்பது அன்புக்குரியதைக் குறிக்கும். பிலாசபி என்று நாம் சொல்லும் சொல்லின் முன்பாதியும் அதுதான். ஹிப்பொஸ் குதிரை.

இங்கே பலர் வழுக்கும் ஓரிடம் உண்டு. கூட்டுப்பெயரில் 'பிலொஸ்' என்ற சொல் முன்னால் நிற்கிறதா பின்னால் நிற்கிறதா என்பதைப் பொறுத்துப் பொருள் திரும்பும். முன்னால் நின்றால் 'இன்னதை நேசிப்பவன்' என்று பொருள். பின்னால் நின்றால் பெரும்பாலும் 'இன்னாரால் நேசிக்கப்படுபவன்' என்று பொருள். லூக்கா தம் சுவிசேஷத்தை யாருக்கு எழுதினாரோ அந்தத் தெயோப்பிலுவின் பெயர் இரண்டாம் வகை: கடவுளுக்குப் பிரியமானவன். பிலிப்பு முதல் வகை.

ஒவ்வொரு பாதியையும் அதற்கு முந்தைய காலத்துக்குக் கொண்டு செல்ல முடியுமா என்று பார்ப்பது அடுத்த வேலை. குதிரைப் பாதி நம்மை வெகுதூரம் அழைத்துச் செல்கிறது. மைக்கேல் வென்ட்ரிஸ் 1952ஆம் ஆண்டில் படித்துக் காட்டிய, வெண்கலக் காலக் கிரேக்கரின் மைசீனியக் களிமண் பலகைகளில் குதிரைக்கான சொல் 'இ-கோ' என்ற இரண்டு அசைகளாக எழுதப்பட்டிருக்கிறது. அதன் உறவுச் சொற்கள் இலத்தீனில் 'எக்குவுஸ்', பழைய ஈரானிய மொழியான அவெஸ்தாவில் 'அஸ்பா', வடமொழியில் 'அசுவம்'. சாவித்திரியின் தந்தை அசுவபதி, துரோணரின் மகன் அசுவத்தாமன், பாரசீகப் பேரரசன் தாரியஸின் தந்தை விஷ்தாஸ்பா ஆகிய பெயர்கள் எல்லாம் இதே வேரைத் தாங்கியவை. குதிரையை ஆட்பெயருக்குள் வைக்கும் வழக்கம் கிரேக்கர்களுக்கு மட்டும் உரியதன்று என்பது இதிலிருந்து தெளிவாகும். கிரேக்கச் சொல்லின் தொடக்கத்தில் எகரம் இல்லாமல் இகரமும் ஹகரமும் எப்படி வந்தன என்பது மட்டும் மொழியியலாளர்களுக்கு இன்னும் தீராத சிக்கல்.

அந்தச் சமூகத்தில் அப்பெயருக்கு இருந்த மதிப்பு

வேர் கிடைத்தவுடன் பலர் தேடலை நிறுத்திவிடுகிறார்கள். என் கருத்தில் அதன் பிறகுதான் சுவையான பகுதி தொடங்குகிறது: இப்படி ஒரு பெயரை யார் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்று கேட்பது.

கிரேக்கத்தின் பெரும்பகுதி மலையும் கல்லும் நிறைந்த நிலம். மேய்ச்சல் குறைந்த அந்த நிலத்தில் குதிரை வளர்ப்பது பெருஞ்செலவு. ஏதென்ஸில் சட்டம் வகுத்த சோலன் குடிமக்களை விளைச்சலின் அளவால் வகுத்தபோது, ஆண்டுக்கு 300 அளவை விளைவித்தவர்களுக்குக் 'குதிரையாளர்' என்றே பெயரிட்டார். ஆகவே பெயரில் குதிரை இருப்பது குடும்பத்தின் செல்வத்தைச் சொல்லாமல் சொல்வதாயிற்று. பெரிக்ளிஸின் தந்தை சாந்திப்பொஸ். ஏதென்ஸை ஆண்ட பெய்சிஸ்திராத்தொஸின் மக்கள் ஹிப்பியாஸ், ஹிப்பார்க்கொஸ். சாக்ரடீஸின் மனைவி சாந்திப்பே.

இதற்கு மிகச் சிறந்த சான்று ஒரு நகைச்சுவை நாடகத்தில் கிடைக்கிறது. அரிஸ்தோபானிஸ் கி.மு. 423இல் அரங்கேற்றிய 'மேகங்கள்' நாடகத்தில், நாட்டுப்புற விவசாயி ஒருவர் பெரிய குடும்பத்துப் பெண்ணை மணக்கிறார். மகன் பிறந்ததும் பெயர் குறித்துச் சண்டை எழுகிறது. மனைவிக்குப் பெயரில் குதிரை இருந்தே ஆக வேண்டும்: சாந்திப்பொஸ், காரிப்பொஸ், கல்லிப்பிதிஸ் என்று அடுக்குகிறாள். கணவருக்கோ தம் தந்தையின் பெயரான பெய்தொனிதிஸ், அதாவது சிக்கனக்காரர் வழிவந்தவன் என்ற பெயர் வேண்டும். கடைசியில் இரண்டையும் ஒட்டவைத்துப் பெய்திப்பிதிஸ் என்று வைக்கிறார்கள். பேரனுக்குத் தாத்தாவின் பெயரை வைக்கும் மரபு, குதிரைப் பெயருக்கு இருந்த மதிப்பு, தாய்க்கும் தந்தைக்கும் இடையில் நடந்த பேரம் ஆகிய மூன்றையும் இந்த ஒரு காட்சி காட்டிவிடுகிறது. எந்தப் பெயரைத் தேடினாலும், கல்வெட்டும் அகராதியும் பார்ப்பதோடு நிற்காமல், அக்காலத்து மக்கள் அப்பெயரைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்பதற்கு இத்தகைய சான்று இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும்.

பெயரைத் தாங்கியவர்களைத் திரட்டுதல்

இதற்கு முதன்மையான கருவி ஆக்ஸ்போர்டில் தொகுக்கப்பட்டுவரும் கிரேக்க ஆட்பெயர் அகராதி. பீட்டர் பிரேசர் 1972இல் தொடங்கிய இத்திட்டத்தின் முதல் தொகுதி 1987இல் வெளிவந்தது. ஏகியன் தீவுகள், அத்திக்கா, பெலொப்பொனீஸ், மக்கெதோனியா என்று பகுதி பகுதியாகப் பிரித்து, கல்வெட்டு, நாணயம், இலக்கியம் ஆகியவற்றில் ஒரு பெயர் வரும் இடங்களையெல்லாம் காலத்தோடு அது பதிவு செய்கிறது. அதன் தரவுகளை இணையத்திலும் தேடலாம். எகிப்தின் பாப்பிரஸ் சுவடிகளில் வரும் பெயர்களுக்குத் திரிஸ்மெகிஸ்தொஸ் என்ற இணையத் தரவுத்தளம் உதவும்.

தேடும்போது எழுவாய் வடிவத்தை மட்டும் உள்ளிட்டால் பாதி ஆட்கள் விடுபட்டுப்போவார்கள். தந்தையின் பெயர் கல்வெட்டில் ஆறாம் வேற்றுமையில் 'பிலிப்பூ' என்று வரும். இலத்தீன் நூல்களில் இன்னும் கவனம் தேவை. அங்கே 'பிலிப்பி' என்ற வடிவம் பிலிப்புடைய என்றும் பொருள்படும், பிலிப்பி என்ற நகரத்தையும் குறிக்கும். 'பிலிப்புஸ்' என்பது பிலிப்பின் முத்திரை பதித்த பொற்காசையும் குறிக்கும். பிளவுதுஸ் எழுதிய இலத்தீன் நாடகங்களில் பிலிப்புகளை எண்ணிக் கொடுக்கிறார்கள் என்றால் அங்கே கைமாறுவது காசு.

கிடைக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை எழுதுங்கள். அதில் அவருடைய தந்தையின் பெயர், ஊர், காலம், அவரைப் பற்றிச் சொல்லும் சான்று ஆகிய நான்கும் இருக்க வேண்டும். கிரேக்கர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. நம் தலைப்பெழுத்தைப் போலத் தந்தையின் பெயரே அடையாளம். இந்த நான்கையும் குறிக்காமல் பெயரை மட்டும் அடுக்கினால் என்ன நேரும் என்பதற்கு அலெக்சாந்தரின் காலமே போதும். அவருடைய தந்தை, அமிந்தாஸின் மகன் பிலிப்பு. கி.மு. 333இல் தார்சு நகரில் அலெக்சாந்தர் நோயுற்றுக் கிடந்தபோது மருந்து கொடுத்த அக்கர்னானிய மருத்துவரின் பெயரும் பிலிப்பு. அவரைச் சந்தேகிக்கச் சொல்லி வந்த கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு அலெக்சாந்தர் மருந்தைக் குடித்தார் என்று புளுத்தார்க் எழுதுகிறார். பஞ்சாபில் ஆளுநராக விடப்பட்டு, கி.மு. 325 அளவில் கூலிப்படையினரால் கொல்லப்பட்டவர் மகாத்தாஸின் மகன் பிலிப்பு. நம் துணைக்கண்டத்தில் அதிகாரம் செலுத்தியவர்களுள் இப்பெயருடன் நமக்குத் தெரியவருபவர் அவர். அலெக்சாந்தர் இறந்த கி.மு. 323இல் அரியணையில் ஏற்றப்பட்ட, வேறு தாய்க்குப் பிறந்த அவருடைய சகோதரர் அர்ரிதாயொஸுக்கும் பிலிப்பு என்ற பெயரைப் படையினர் சூட்டினார்கள். முதல் மூவருடையது பிறப்புப் பெயர். நான்காமவருடையது இறந்த அரசனின் புகழைக் கடன்வாங்கிய அரசியல் பெயர். அட்டையில் இந்த வேறுபாட்டையும் குறிக்க வேண்டும்.

புகழ்பெற்றவரோடு தொடங்காமல் அவருக்கு முன்னால் இருந்தவர்களைத் தேடுவதும் முக்கியம். அலெக்சாந்தரின் தந்தையான இரண்டாம் பிலிப்பு பிறந்தது கி.மு. 382. அதற்கு நூறு ஆண்டுகளுக்கும் முன்னரே, தென் இத்தாலியின் குரோத்தொன் நகரில் பூதாக்கிதிஸின் மகன் பிலிப்பு என்பவர் வாழ்ந்தார். ஒலிம்பியாவில் வென்றவர், அக்காலக் கிரேக்கர்களிலேயே பேரழகர், தன் சொந்தக் கப்பலோடும் ஆட்களோடும் சிசிலிக்குப் போரிடச் சென்று மாண்டவர் என்று வரலாற்றாசிரியர் ஹெரோதொத்தொஸ் சொல்கிறார். அவருடைய அழகுக்காகவே எகெஸ்தா மக்கள் அவருடைய கல்லறையில் கோயில் எழுப்பி வழிபட்டார்களாம். மாறாக, செனபோன் விவரிக்கும் ஒரு விருந்தில் அழைக்காமலே வந்து கதவைத் தட்டும் ஏழை விகடகவியின் பெயரும் பிலிப்பு. இப்பெயர் மக்கெதோனியருக்கு மட்டும் உரியது என்ற எண்ணமும், செல்வர்களுக்கு மட்டும் உரியது என்ற எண்ணமும் இந்த இருவரோடு விலகும்.

இரண்டாம் பிலிப்பு இப்பெயரை வேறொரு நிலைக்கு உயர்த்தினார். அவருடைய குதிரை ஒலிம்பியாவில் வென்றது. வெள்ளிக் காசில் குதிரைவீரன் இடம்பெற்றான். பெயரின் பொருளும் அரசனின் பெருமையும் காசில் ஒன்றாகின. கிரெனிதிஸ் என்ற ஊரை கி.மு. 356இல் கைப்பற்றித் தம் பெயரால் பிலிப்பி என்றாக்கினார். பவுல் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் பெயர் அந்த ஊர்வழி வந்தது. அரசர் பிலிப்புக்கு எதிராகத் தெமொஸ்தெனிஸ் ஏதென்ஸில் பேசிய பேச்சுகள் பிலிப்பிக்குகள் எனப்பட்டன. மூன்று நூற்றாண்டுகள் கழித்து உரோமப் பேச்சாளர் சிசரோ, அந்தோனிக்கு எதிராகத் தாம் ஆற்றிய 14 உரைகளுக்கு அதே பெயரைக் கொடுத்தார்.

ஒருவரை இருவராக்குவதும் இருவரை ஒருவராக்குவதும்

அட்டைகள் சேர்ந்தபின் அவற்றைச் சலிக்க வேண்டும். இதில் மிக எச்சரிக்கை தேவைப்படுவது புதிய ஏற்பாட்டின் பிலிப்புகளிடம். பெத்சாயிதா ஊராரான அப்போஸ்தலர் ஒருவர். எருசலேமில் பந்தி விசாரணைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட எழுவரில் ஒருவராக இருந்து, எத்தியோப்பிய மந்திரிக்கு ஞானஸ்நானம் கொடுத்த சுவிசேஷகர் மற்றொருவர். செசரியாவில் வாழ்ந்த இவருக்குத் தீர்க்கதரிசனம் சொல்லும் நான்கு குமாரத்திகள் இருந்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. ஆனால் இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் எபேசுவின் ஆயர் பொலிக்கிராத்திஸ் எழுதிய கடிதத்தில், ஹியெராப்பொலிஸில் குமாரத்திகளோடு அடக்கம் செய்யப்பட்டவர் அப்போஸ்தலர் பிலிப்பு என்று இருக்கிறது. மிகப் பழைய சான்றுகளிலேயே இருவரின் வரலாறும் கலந்துவிட்டிருப்பதால், இன்றைய பட்டியல்கள் அவர்களை ஒருவராக எழுதுவதில் வியப்பில்லை. இரண்டு அட்டைகளையும் தனியே வைத்து, முரண்படும் சான்றை இரண்டிலும் குறித்துவைப்பதே நேர்மையான வழி.

ஏரோதின் மகனான பிலிப்பு மூன்றாமவர். பிலிப்புச் செசரியா அவர் பெயரால் அமைந்தது, கி.பி. 34இல் இறந்தார். பெத்சாயிதா அவருடைய ஆட்சிக்குள் இருந்ததால், அப்போஸ்தலருக்கு அரசனின் பெயரைத்தான் வைத்தார்கள் என்று சொல்லிவிடத் தோன்றும். அதற்குச் சான்று இல்லை. அதே ஊரில் அந்திரேயா என்ற கிரேக்கப் பெயரும் வழங்கியதை மட்டுமே உறுதியாகச் சொல்ல முடியும். அட்டையில் அவ்வளவுதான் எழுத வேண்டும்.

ஊர்ப்பெயர்களிலும் இதே குழப்பம் உண்டு. பிலிப்பொப்பொலிஸ் இரண்டு: ஒன்று மக்கெதோனிய பிலிப்பின் பெயரால் திரேசில் அமைந்தது, இன்றைய பல்கேரியாவின் புளோவ்திவ், மற்றொன்று 244 முதல் 249 வரை உரோமை ஆண்டு, 248இல் அந்நகரின் ஆயிரமாவது ஆண்டு விழாவைக் கொண்டாடிய அரபுப் பேரரசர் பிலிப்பு, சிரியாவில் தாம் பிறந்த ஊரை மாற்றியமைத்தது. எழுத்துப் பிழையாலும் ஆட்கள் மாறுவார்கள். மராத்தான் போருக்கு முன் ஏதென்ஸிலிருந்து ஸ்பார்த்தாவுக்கு ஓடியவரின் பெயர், ஹெரோதொத்தொஸின் கையெழுத்துப் படிகள் சிலவற்றில் பிலிப்பிதிஸ் என்றும் சிலவற்றில் பெய்திப்பிதிஸ் என்றும் இருக்கிறது. முன்னது பிலிப்பின் வழிவந்தவன் என்று பொருள்படும் இயல்பான பெயர். பின்னது 'மேகங்கள்' நாடகத்தில் பார்த்த பெயர்.

பெயர் பயணம் செய்த வழி

கிழக்குக் கிறித்தவ உலகில் பரவலாக வழங்கிய இப்பெயர் மேற்கு ஐரோப்பாவின் அரசக் குடும்பங்களில் நுழைந்த வாசலைத் துல்லியமாகக் காட்ட முடிகிறது. கீவ் நாட்டு இளவரசி அன்னா 1051இல் பிரான்ஸின் முதலாம் ஹென்றியை மணந்தார். மறு ஆண்டு பிறந்த மகனுக்குப் பிலிப்பு என்று பெயர் வைக்கப்பட்டது. தந்தையின் குலத்தில் அதற்கு முன் அந்தப் பெயரில் அரசர் எவரும் இல்லை. அங்கிருந்து பிரெஞ்சு அரசர் ஆறாம் பிலிப்பு வரை பெயர் தொடர்ந்தது. அவருடைய பேரர் பிலிப்பு பர்கண்டியின் கோமகனானார். பர்கண்டி வழியில் வந்த ஒரு பிலிப்பு ஸ்பானிய இளவரசியை மணந்து காஸ்தீலின் அரசரானார். அவருடைய பேரனே ஸ்பெயினின் இரண்டாம் பிலிப்பு. 1543இல் வில்லலோபொஸ் என்ற மாலுமி ஆசியாவின் தீவுகள் சிலவற்றுக்கு, அப்போது இளவரசராக இருந்த அந்தப் பிலிப்பின் பெயரைச் சூட்டினார். அதுவே பிலிப்பைன்ஸ் நாடு. ஏதென்ஸ் விவசாயி நாடகத்தில் வற்புறுத்திய அதே பழக்கம், பேரனுக்குத் தாத்தாவின் பெயர் என்பது, இந்த நீண்ட சங்கிலியின் பல கண்ணிகளைக் கோத்திருக்கிறது.

நம் பக்கத்துக்கு இப்பெயர் வந்த வழிகள் ஒன்றுக்கு மேற்பட்டவை. கேரளக் கிறித்தவர்களிடம் வழங்கும் பிலிப்போஸ் என்ற வடிவம் கிரேக்க ஈற்றைக் காப்பாற்றியிருப்பதற்குக் காரணம், அவர்களுடைய வழிபாட்டு மொழியான சுரியானி அந்த ஈற்றைக் கைவிடாததுதான். ஐரோப்பியர் வழியாக வந்தவர்களில் இருவரைக் குறிக்க வேண்டும்: யாழ்ப்பாணத்தில் 17ஆம் நூற்றாண்டில் பணியாற்றி, தாம் கண்டவற்றை 1672இல் டச்சு மொழியில் நூலாக வெளியிட்ட பிலிப்புஸ் பால்தேயுஸ், சென்னையில் வாழ்ந்து வேதாகமத்தைத் தமிழாக்கி அகராதியும் தொகுத்த யோகான் பிலிப்பு பெப்ரிசியுஸ்.

உங்கள் குடும்பத்தில் இப்பெயர் இருந்தால், தேடலின் கடைசிப் படி ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு. குடும்பத்தில் முதன்முதலில் இப்பெயரைப் பெற்றவரைக் கண்டுபிடித்து, அவருடைய தாத்தாவின் பெயரையும் ஞானப்பெற்றோரின் பெயர்களையும் முதலில் பாருங்கள். அவற்றில் பிலிப்பு இல்லையென்றால் பிறந்த நாளைப் பாருங்கள். அப்போஸ்தலர்களான பிலிப்பு, யாக்கோபு ஆகியோரின் திருநாள் ஆங்கிலிக்க மரபில் மே 1. கத்தோலிக்கத் திருச்சபையிலும் நெடுங்காலம் அதுவே இருந்து, இப்போது மே 3. கிழக்குச் சபைகள் பலவற்றில் நவம்பர் 14. பிறந்த நாளோ ஞானஸ்நான நாளோ இவற்றை ஒட்டி இருந்தால், திருநாளை முன்னிட்டு வைத்த பெயராக இருக்க வாய்ப்பு உண்டு. அப்படியும் பொருந்தாவிட்டால், அந்த ஆண்டில் ஞானஸ்நானம் கொடுத்த குருவானவரின் பெயர் என்ன என்று அதே பக்கத்தின் கடைசிப் பத்தியில் பாருங்கள்.